கையில் 18 பவுண்டு: எந்த அம்பு வாங்குவது?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அதை நம்பி மூன்று மாதம் என்னையே நொந்துகொண்டேன். வலக்கைக்காரனான எனக்கு எல்லா அம்பும் இடப்பக்கமே போய்க் குத்தின. முழங்கையைத் திருத்தினேன், பிடியைத் தளர்த்தினேன், மூச்சைக் கவனித்தேன். அம்பு போகும் பக்கமே வில்லில் குறிபார்க்கும் சைட்டை நகர்த்த வேண்டும் என்பதால் இடப்பக்கம் தள்ளித் தள்ளி, கடைசியில் நகர இடமில்லாமல் அதுவும் நின்றுவிட்டது. ஒவ்வொரு அம்பும் கிளம்பும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வேறு. வில் என்றால் இப்படித்தான் சத்தம் போடும்போல என்று இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்பில் சொல்லித்தரும் தம்பி பின்னால் நின்று ஆறு அம்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, உங்க ரிலீஸ்ல பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. அம்புதான் வளையவே மாட்டேங்குது.”

என் வில்லின் கீழ் லிம்பில், அதாவது வளைகிற கிளையில், 68-20 என்று அச்சிட்டிருக்கும். 68 அங்குல வில், இழுக்க 20 பவுண்டு பலம். அதற்கு நான் வாங்கியிருந்தது 600 ஸ்பைன் கார்பன் அம்பு, ஒரு டஜன். ஸ்பைன் என்பது அம்புத்தண்டின் விறைப்பைச் சொல்லும் எண். “எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க” என்றார் கடைக்காரர். ‘எல்லாரும்’ என்றால் 30 பவுண்டுக்கு மேல் இழுப்பவர்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அம்பு ஏன் வளைய வேண்டும் என்று கேட்கலாம். நாணை விரலால் விடும்போது அது விரல்நுனியில் உருண்டு விலகுகிறது. அதனால் நேராக ஓடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நெளிந்துதான் முன்னே போகிறது. பின்னாலிருந்து தள்ளுகிற நாணுக்கும், அசைய மறுக்கும் முனைக்கும் நடுவில் தண்டு மாட்டிக்கொள்கிறது. முதலில் வில்லை நோக்கி வளைகிறது, பிறகு வெளிப்பக்கம் வளைகிறது. இந்த நெளிவின் தாளம் சரியாக இருந்தால், அம்பின் வால் வில்லைக் கடக்கும் நேரத்தில் இறகு எதிலும் படாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். விறைப்பு கூடினால் வால் வில்லில் இடிக்கும். நான் கேட்ட ‘டக்’ அதுதான். விறைப்பு குறைந்தால் அம்பு அளவுக்கு மீறி நெளிந்து, வலப்பக்கம் போய் விழும். ராபர்ட் எல்மர் என்ற அமெரிக்கர் இதை வில்லாளியின் முரண் என்ற பொருளில் பெயரிட்டார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படம் பிடித்து, அம்பு உண்மையிலேயே பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போவதைக் காட்டினார்.

கனமான வில், அதாவது இழுக்கக் கூடுதல் பலம் கேட்கும் வில், விறைப்பான அம்பையும் அழுத்தி வளைத்துவிடும். இலேசான வில்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால்தான் 18, 20 பவுண்டுக்காரருக்கு இந்தத் தேர்வு மற்றவர்களைவிட முக்கியம். தொடக்கநிலை வில்லில் அம்பைத் தாங்கப் பெரும்பாலும் ஒட்டுகிற பிளாஸ்டிக் ரெஸ்ட்தான் இருக்கும். அம்பின் பக்கவாட்டில் அழுத்தும் ஸ்பிரிங் வைத்த பட்டன் இருந்தாலாவது கொஞ்சம் இறுக்கியோ தளர்த்தியோ சமாளிக்கலாம். அதுவும் இல்லாதபோது அம்பு சரியாக இருந்தே ஆகவேண்டும்.

ஸ்பைன் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. எண் பெரிதானால் அம்பு இளகல். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், அவற்றின்மேல் தண்டு, நடுவில் 880 கிராம் எடை. தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் 500. ஒரு அங்குலம் தொய்ந்தால் 1000. அவ்வளவுதான் கணக்கு. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் ஒரு துணிப்பையோடு சேர்த்து 880 கிராம் சர்க்கரை நிறுத்து, இரண்டு நாற்காலி முதுகுக்கு நடுவே தண்டைக் கிடத்தி மாட்டினேன். என் 600 கார்பன் 15 மில்லிமீட்டர் தொய்ந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய 1616 அலுமினியம் 27 மில்லிமீட்டர். கண்ணாலேயே தெரிந்த அந்த வித்தியாசத்துக்குத்தான் மூன்று மாதம் முழங்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அலுமினிய அம்பில் எண்ணின் பொருளே வேறு. ஈஸ்டன் கம்பெனித் தண்டில் 1616 என்றால் முதல் இரண்டு இலக்கம் தடிமன், அங்குலத்தின் 64ல் 16 பங்கு. அடுத்த இரண்டு குழாய்ச் சுவரின் கனம், ஆயிரத்தில் 16 பங்கு. ஆகவே இங்கே எண் பெரிதானால் விறைப்பும் கூடும். கார்பன் எண்ணில் சொன்னால் 1516 சுமார் 1400, 1616 சுமார் 1080, 1716 சுமார் 880, 1816 சுமார் 755. இந்த நாலு எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் வில்லின் உண்மையான பலம் தெரிய வேண்டும். லிம்பில் உள்ள 20 என்பது 28 அங்குல இழுப்புக்கான எண். இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும், கூடினால் கூடும். எனக்கு இழுப்பு 27, ஆகவே கையில் 18தான். 25 அங்குலமே இழுக்கும் பிள்ளையின் கையில் அதே வில் 14 பவுண்டு. பெட்டி எடைபோடும் தொங்குதராசு இருந்தால் நாணில் மாட்டி, வழக்கமாக இழுக்கும் தூரம்வரை இழுத்துப் பாருங்கள். 18 பவுண்டு என்றால் 8.2 கிலோ காட்டும். ரைசர், அதாவது வில்லில் கையால் பிடிக்கும் நடுப்பகுதி, மாறினாலும் கணக்கு மாறும். பொதுவாக 25 அங்குல ரைசரை வைத்துத்தான் லிம்பில் எண் போடுகிறார்கள். அதே லிம்பை 23 அங்குல ரைசரில் மாட்டினால் 2 பவுண்டு அளவு ஏறிவிடும். எந்த அம்புத்தேர்வு அட்டவணையைப் பார்த்தாலும் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டுக் கையில் உள்ள எண்ணை வைத்தே பாருங்கள்.

இனி ஒப்பிடலாம். கையில் 18 பவுண்டு, இழுப்பு 27. முழுதாக இழுத்த நிலையில் அம்பு ரைசரின் முன்விளிம்பைத் தாண்டி 2 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. குட்டையான அம்பைக் கூடுதலாக இழுத்தால் அது ரெஸ்ட்டிலிருந்து உள்ளே விழுந்து கையையே துளைக்கும். அதனால் 29 அங்குலத்துக்குக் குறைந்த அம்பு எனக்கு ஆகாது. என்முன் இருந்தவை நாலு வழிகள்: கையில் இருக்கும் 600ஐயே எப்படியாவது ஓட்டுவது, 29 அங்குலத்தில் 1616 வாங்குவது, வெட்டாத 1716 வாங்குவது, 1000 ஸ்பைன் கார்பனுக்குப் போவது.

அட்டவணையும் கிளப்பின் அனுபவமும் காட்டியது 1616. 29 அங்குலத்தில் அது 18 முதல் 20 பவுண்டுக்கு நன்றாகப் பொருந்துகிற அம்பு. இரவல் அம்பை எய்தபோதே ‘டக்’ நின்றுபோனது. சைட்டை மறுபடி வலப்பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியானால் அதையே வாங்கிவிட வேண்டியதுதானே?

## யூனிஃபார்ம் கணக்கு

சிக்கல் என்னவென்றால், தொடக்கக்காரரின் வில் நிலையாக இருப்பதில்லை. நாலைந்து மாதத்தில் லிம்பை மாற்றி 22, 24 என்று ஏறுவோம். தோள் பழகப் பழக இழுப்பும் அரை அங்குலம், ஒரு அங்குலம் கூடும். இரண்டுமே அம்பைக் கூடுதலாக வளைக்கும். இன்றைக்குச் சரியாக இருக்கும் 1616 அன்றைக்கு இளகலாகிவிடும். உடனே நம் ஊர் அப்பா அம்மா மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறது: ஸ்கூல் யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால் அடுத்த வருஷமும் ஆகுமே! என் 600 அம்பும் இப்படி நியாயப்படுத்தப்பட்டதுதான். “பவுண்டேஜ் ஏத்தினா சரியாயிடும் சார்.”

ஏற்றும்வரை என்ன செய்வது? அந்த நாலைந்து மாதந்தான் உடம்பு பழக்கம் பிடிக்கிற காலம். அம்பு இடப்பக்கம் போகிறதே என்று கையைக் கோணலாக்கிச் சரிசெய்யப் பழகிவிட்டால், பிறகு சரியான அம்பு வந்தாலும் கோணல் போகாது. தொளதொள சட்டை வெறும் அசிங்கம். விறைத்த அம்பு தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கும்.

ஆனால் யூனிஃபார்மில் இன்னொரு உத்தியும் உண்டு. இடுப்பு சரியான அளவு, நீளத்துக்கு மட்டும் உள்ளே மடிப்பு. அம்பிலும் அந்த மடிப்பு இருக்கிறது, அதுவும் நீளந்தான். தண்டு நீளமானால் இளகும். வெட்டினால் விறைக்கும். தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால், இந்த அளவுகளில் ஒரு அங்குலம் என்பது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். அற்பமாகத் தெரிகிற ஒரு அங்குலத்துக்கு அட்டவணையில் ஒரு கட்டமே நகர்ந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 880 ஸ்பைனுள்ள 1716ஐ வெட்டாமல் 31 அங்குலத்தில் வைத்தால், 29 அங்குலத்தில் சுமார் 1075 உள்ள தண்டு போல நடந்துகொள்ளும். அதாவது அச்சு அசலாக 29 அங்குல 1616! பிறகு பவுண்டேஜ் ஏற ஏற அரை அங்குலமாக வெட்டிக்கொண்டே வரலாம், 29ல் வந்து நிற்கும்போது அது உண்மையான 880 ஆகியிருக்கும், கையில் 23, 24 பவுண்டு இருக்கும். ஒரே அம்பு ஆறு மாதத்துக்கும் வரும். இதே கணக்கை 1816க்குப் போட்டால் 31 அங்குலத்திலும் 920க்கு மேல் இளகாது. எனக்கு இன்னும் விறைப்புதான், ஆனால் கையில் 21, 22 பவுண்டு உள்ளவருக்கு அதுவே பொருந்தும். என் 600க்குப் போட்டால் 730. கனமான முனை போட்டாலும் கரை சேராது.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பக்க எடை கூடினால் அம்பு இளகினது போல நடக்கும், குறைந்தால் விறைக்கும். அலுமினியத்தில் முனையைச் சூட்டுப் பசையால் ஒட்டுவதால் மாற்றுவது எளிது. கார்பனில் நேரடியாகத் தீயைக் காட்டினால் தண்டே கெட்டுவிடும். முனையை மட்டும் பதமாகச் சூடாக்க வேண்டும். நான் முனை எடையை நுண்ணிய திருத்தத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன், பெரிய பிழையை மறைக்க அது போதாது.

எந்தப் பக்கம் தப்பு செய்வது மேல் என்று கேட்டால், கொஞ்சம் இளகலான, நீளமான அம்பு பக்கமே சாய்வேன். இளகலை வெட்டித் திருத்தலாம். விறைத்ததை நீட்ட முடியாது. வளரும் பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்களுக்கு நீளத்தை விட்டு வைப்பது பாதுகாப்புக்காகவே அவசியம். ஆனால் கையில் 14 பவுண்டே உள்ள பிள்ளைக்கு 1716 எவ்வளவு நீளமாக இருந்தாலும் கட்டை மாதிரிதான். 1516ஐயோ, இன்னும் மெல்லியதையோ வெட்டாமல் கொடுங்கள். ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். பரவாயில்லை, செருப்பும்தான் மாற்றுகிறோம்.

கடையில் மெல்லிய தண்டு கிடைக்கவில்லை என்றால் வில்லை அம்புக்குப் பொருத்தவும் கொஞ்சம் வழி உண்டு. லிம்ப் போல்ட் திருகும் வசதியுள்ள ரைசரில் பவுண்டேஜைச் சுமார் 10 சதவீதம் கூட்டிக் குறைக்கலாம். கழற்றி மாட்டும் மரவில்லில் அந்த வசதி இருக்காது.

## அலுமினியமா, கார்பனா

1616ம் 1000 கார்பனும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. வித்தியாசம் எடையில் இருக்கிறது. 1616 தண்டு அங்குலத்துக்கு 8 கிரெயினுக்கு (அம்பை எடைபோடும் சிறு அலகு) சற்று மேல், 29 அங்குலத்துக்குத் தண்டு மட்டுமே 240 கிரெயின். அதே விறைப்புள்ள மெல்லிய கார்பன் தண்டு அதைவிடக் கணிசமாக இலேசு. 18 மீட்டரில் இது பொருட்டே இல்லை. கனமான அம்பு மெதுவாகப் போனாலும் வில்லை அமைதியாக விடும், நடுக்கம் குறையும். 30 மீட்டரில் சைட்டைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். 50 மீட்டரில் 18 பவுண்டு வில்லோடு அலுமினியம் என்றால் சைட் முள்ளே அம்புக்குக் குறுக்கே வந்துவிடும், குறிவைக்க இடமிருக்காது. அந்தத் தூரம் போகும் நாளில் கார்பனுக்கு மாறத்தான் வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் ரிகர்வுக்கு, அதாவது நுனி முன்னோக்கி வளைந்த வில்லுக்கு, 70 மீட்டர். அங்கே அலுமினியத்தைப் பார்க்கவே முடியாது.

தொடக்கக்காரருக்கு நான் அலுமினியம் சொல்வதற்குக் காரணம் வேறு. அது கெட்டால் வளையும். கண்ணாடி மேசையில் உருட்டினால் தெரிந்துவிடும். கார்பன் கெட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழை விரிசல் விட்டிருக்கும், அடுத்த முறை விடும்போது நொறுங்கி வில் பிடித்த கையில் சிராய் ஏறலாம். இலக்கின் மரச்சட்டத்தில் வாரம் இரண்டு அம்பு அடிக்கிற காலம் இது. கார்பன் வைத்திருப்பவர்கள் சட்டத்திலோ கல்லிலோ அடித்த ஒவ்வொரு முறையும் தண்டை மெல்ல வளைத்து, முறுக்கி, காதோரம் வைத்துக் கேளுங்கள். மொறுமொறுவென்றால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது.

விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஆன்லைனில் மலிவான கார்பன் கிடைக்கிறது, ஆனால் நான் பார்த்தவரை மலிவானவை பெரும்பாலும் 500ஐ ஒட்டியவை. 1000க்கு மேல் தேடினால்தான் விலை ஏறுகிறது, சரக்கும் இருப்பதில்லை. வெட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. அலுமினியத்தைப் பிளம்பர் வைத்திருக்கும் சின்னக் குழாய்வெட்டியால் பொறுமையாகச் சுற்றி வெட்டி, உள்விளிம்புப் பிசிரைச் சுரண்டிவிடலாம். கார்பனுக்கு வேகமாகச் சுழலும் அரச்சக்கரம் வேண்டும், தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

மர அம்பு அழகு, ஆனால் அதில் ஸ்பைனைப் பவுண்டில் சொல்வார்கள், அளக்கும் முறையும் வேறு. 30 பவுண்டு மரத்தண்டு ஏறக்குறைய 1616 அளவு. ஒரு கட்டு வாங்கினால் ஒன்று 26, ஒன்று 30 என்று கலந்திருக்கும். கனமான வில் பொறுத்துக்கொள்ளும், இலேசான வில் ஒவ்வொன்றையும் வேறு வேறு திசையில் அனுப்பும். ஃபைபர்கிளாஸ் முகாம்களில் பிள்ளைகள் உடைக்காமல் விளையாட நல்லது. கனம் அதிகம், பெரும்பாலும் ஸ்பைன் எண்ணே போட்டிருக்காது.

## மூன்று அம்பு போதும்

ஒரு டஜன் வாங்கும் முன் மூன்று விறைப்பில் ஒவ்வொன்றாக இரவல் கேளுங்கள். யாரிடமாவது இருக்கும். இறகு ஒட்டிய அம்பு தன் தப்பைப் பறக்கும்போதே திருத்திக்கொள்ளும், அதனால் உண்மை தெரியாது. இறகில்லாத அம்பு, பேர் ஷாஃப்ட், பொய் சொல்லாது. பத்துப் பதினைந்து மீட்டரில் இறகுள்ள மூன்றை எய்து, அதே குறியில் இறகில்லாத இரண்டை எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் போனால் விறைப்பு, வலப்பக்கம் போனால் இளகல். இடக்கைக்காரர் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மேலே கீழே போனால் ஸ்பைனைக் குறை சொல்லாதீர்கள், நாணில் அம்பு மாட்டும் புள்ளியைத்தான் நகர்த்த வேண்டும். இறகில்லாதது கீழே குத்தினால் புள்ளியை இறக்கவும், மேலே குத்தினால் ஏற்றவும். இதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இடம் வலம் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. அம்பின் வால் வில்லில் இடித்தால் எகிறி எதிர்ப்பக்கம் போய், விறைத்த அம்பே இளகல் மாதிரி நடிக்கும். இறகோரத்தில் உதட்டுச்சாயம் லேசாகத் தடவி எய்து பாருங்கள், ரெஸ்ட்டிலோ ரைசரிலோ கோடு விழுந்திருந்தால் இடிக்கிறது என்று பொருள். என் மனைவியின் உதட்டுச்சாயம் அப்படித்தான் தீர்ந்தது, அது வேறு பஞ்சாயத்து. இன்னொன்று, தொடக்கக்காரரின் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடாது. இறகில்லாதது உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தாலே போதும், அதற்குமேல் துரத்தினால் அளப்பது அம்பை அல்ல, அன்றைய மனநிலையை.

நான் வெட்டாத 1716 எட்டு வாங்கினேன். 600 டஜன் முழுவதும் கிளப்பில் 34 பவுண்டு இழுக்கும் ஒருவரிடம் போய்விட்டது. அவர் கையில் அவை சத்தமே போடுவதில்லை. எட்டில் இரண்டு மரச்சட்டத்தில் பட்டு வளைந்தாயிற்று. போன மாதம் 24 பவுண்டு லிம்ப் மாட்டினேன், இழுப்பு 27 தான் என்பதால் கையில் 22. இறகில்லாதது இப்போது ஒரு சாண் வலப்பக்கம் போனது. அரை அங்குலம் வெட்டினேன், முக்கால் சாண் ஆனது. குழாய்வெட்டி பையிலேயே இருக்கிறது. அடுத்த அரை அங்குலத்தை வெட்டுவதற்குமுன், புது லிம்புக்குத் தோள் பழகட்டும் என்று இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன்.